வயர் இழுத்த பின் ஐம்பது செக்கன்

அந்த இறால் பண்ணையில் ஆளை அடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. காவல்காரர்களின் தலைவர் முதலில் காவல் கொட்டிலுக்குள் போவார். சுவரில் பூட்டியிருக்கும் இரும்புப் பெட்டியில் இருந்து ஒரு நீல வயரைப் பிடுங்குவார். வெளியே வந்து தலையை ஆட்டுவார். அடி தொடங்கும். வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடிப்பார்கள். நாற்பத்தைந்து வந்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகள் போல நிற்பார்கள். ஐம்பதில் கமரா மறுபடி பார்க்கத் தொடங்கும். அது பார்க்கும்போது ஒருவன் வரம்பில் இரத்தம் துப்பிக்கொண்டு கிடப்பான். அவனைச் சுற்றி அனுதாபத்தோடு நான்கு பேர் நிற்பார்கள்.

அந்த ஐம்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். இதை எழுதும் கைக்கு அது தெரியும். அல்லாஹ்வுக்கும் தெரியும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு நிறுத்திக்கொண்டவன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. வீடுகளுக்கு வயரிங் செய்து, பிறகு கமரா பூட்டப் பழகிக்கொண்டேன். போர் முடிந்து சில வருடங்களில் குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால் களப்போரமாக இந்தப் பண்ணை வந்தபோது, கமராவுக்கும் கேபிளுக்கும் பொறுப்பாக என்னை எடுத்தார்கள்.

பண்ணையில் நான்கு இடங்களில் நெட்வேர்க் சுவிட்ச் இருந்தது. லைட் போடுகிற சுவிட்ச் அல்ல. கமரா வயர்கள் எல்லாம் வந்து சேருகிற பெட்டி. ஒபீசில் ஒன்று, பம்ப் கொட்டிலில் ஒன்று, தூரத்து வரம்பில் காவல் கொட்டிலில் ஒன்று, ஐஸ் கொட்டிலில் ஒன்று. நான்கையும் ஒரு வட்டமாகக் கேபிளால் இணைத்திருந்தோம். எலி கடித்தாலும் மண்வெட்டி பட்டாலும் மறுபக்கத்தால் படம் வரட்டும் என்பதற்காக. ஆனால் வட்டத்தை அப்படியே திறந்துவிட்டால் செய்திகள் நிற்காமல் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிடும். அதனால் பெட்டிகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாக எடுத்துக்கொண்டு, வட்டத்தில் ஒரு துண்டை மூடி வைக்கும். ஸ்பானிங் ட்ரீ என்று அதற்குப் பெயர்.

ஒரு வயர் அறுந்தால் மூடிய துண்டு திறக்க வேண்டும். அது உடனே திறப்பதில்லை. தலைமையின் குரல் இனி வராது என்று முடிவு செய்ய இருபது செக்கன். பிறகு காது கொடுத்துக் கேட்கப் பதினைந்து. யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று படிக்க இன்னும் பதினைந்து. மொத்தம் ஐம்பது. அதுவரை தூரத்து வரம்பின் படம் ஒபீஸ் திரையில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

காவலுக்குத் தலைவரானவரை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். புத்தளத்துப் பழைய குடும்பம். ளுஹரும் அஸரும் பண்ணைக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் ஒட்டித் தொழுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் கேட்டார்.

“படம் நிண்டா ஒவ்வொரு மொறயும் ஒனக்குக் கோல் எடுக்கணுமா?”

“தேவல்ல நானா. தானா எழும்பும். ஐம்பது செக்கன் பொறுங்க.”

“சரியா ஐம்பதா?”

“எண்ணிப் பாருங்களேன்.”

எண்ணிப் பார்த்தார். நான் என் வேலையின் பெருமையில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

முதல் அடி வாங்கியவன் இறாலுக்குத் தீன் போடுகிற ஒருவன். பெருநாள் லீவுக்காக நானாவை எதிர்த்துப் பேசினான். விலா எலும்பு இரண்டு போனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனேஜரிடம் வந்தான். மனேஜர் சிலாபத்துப் பக்கத்துக்காரர். முதலாளி வெளிநாட்டில் இருந்து போனில் கமரா பார்க்கிறவர். மனேஜர் பதிவை ஓடவிட்டுக் காட்டினார்.

“எங்க அடி? காட்டு பாப்பம். கமராவுல இல்லாட்டி நடக்கல்ல. ஹரித?” சரிதானே என்று சிங்களத்தில் முடித்தார்.

அவன் போய்விட்டான். நான் காவல் கொட்டிலுக்குப் போய்த் தொங்கிய நீல வயரைத் திரும்பச் செருகினேன். “எலி,” என்றார் நானா. எலி கடித்த வயருக்கு நுனியில் கிளிப் முழுசாக இருக்காது. அதை நான் சொல்லவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். அதற்குப் பிறகும் பல தடவை அந்த வயரைச் செருகினேன். ஒருமுறை செருகிவிட்டு வெளியே வரும்போது செருப்பில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தேன். ஒரு கடைவாய்ப் பல். அதை வரம்பு மண்ணில் புதைத்துவிட்டு அஸர் தொழப் போனேன்.

பிறகு அது என் வீட்டுக்கு வந்தது.

என் மனைவியின் தம்பி, எங்களைப் போலவே மன்னாரில் இருந்து வந்தவன், அந்தத் தூரத்து வரம்பில்தான் வேலை செய்தான். காவல்காரர்கள் ஐஸ் பெட்டியில் இறாலை நிரப்பிக் களவாக வள்ளத்தில் ஏற்றுவதைக் கண்டுவிட்டு, நேரே மனேஜரிடம் போய்ச் சொன்னான். மனேஜர் நானாவைக் கூப்பிட்டு, “இவன் இப்படிச் சொல்றான், உண்மையா?” என்று அவன் முன்னாலேயே கேட்டார். நானா சிரித்தாராம். பள்ளி வாசலில் செருப்புப் போடும்போது மச்சானின் காதுக்குள் சொன்னார்.

“பெரிய புடிப்பு அண்டைக்குத் தூரத்து வரம்புக்கு வா, அகதி. ஒனக்கு ஒரு முழு ஐம்பது வச்சிரிக்கன்.”

மச்சான் அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்காராமல் நின்றான். மனைவி பாணும் சம்பலும் வைத்தாள். தொடவில்லை.

“அண்டைக்குப் போகாம இரி,” என்றாள் அவள்.

“போகாட்டி களவெடுத்தது நான் எண்டு எழுதிருவானுவள் ராத்தா.”

நான் சொன்னேன். “போ மச்சான். அந்த ஐம்பத நான் பதினாலாக்குறன்.”

“ஏலுமா?”

“ஏலும். காத்திருக்கிற நேரத்த மாத்தலாம். இருபத ஆறாக்கலாம். பதினஞ்ச நாலாக்கலாம். ஆறும் நாலும் நாலும் பதினாலு. அதுக்குக் கீழ விடாது. நானாக்குத் தெரியாது. அவரு ஐம்பது எண்டு நெனச்சி அடிப்பாரு. பதினாலுல கமரா கண்ணத் தொறக்கும்.”

மச்சான் முதல்முறையாகச் சிரித்தான். “பதினாலு செக்கன் தாங்குவன். சின்னத்துல ராத்தா அதவிட அடிச்சிரிக்கா.”

“நீ அடி வாங்குற வேல செஞ்சாய்,” என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

நான் இன்னும் சொன்னேன். “வயர இழுத்ததும் பதினாலு எண்ணு. அது வரைக்கும் கதய இழு. பொறகு நல்லா வாய் குடு, அடிக்கட்டும். ஆனா நீ கையத் தூக்காத. நீயும் அடிச்சாய் எண்டு படத்துல விழுந்தா, மனேஜர் ஒன்னத்தான் அனுப்புவாரு.”

மறுநாள் காலையில் ஒபீசில் பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தேன். அந்த நான்கு பெட்டிகளில் ஒபீசில் இருந்ததுதான் புதியது, விலை கூடியது. ஏசி அறைக்குள், கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரியில், பச்சை லைட்டுகளோடு இருந்தது. முதலாளியின் அறைக்குப் பக்கத்தில் இருப்பதுதானே தலைமையாக இருக்கும். அதற்குள் புகுந்து மூன்று எண்களை மாற்றினேன்; முதலாவது தலைமை எத்தனை செக்கனுக்கு ஒருமுறை குரல் கொடுக்கும் என்பது, மற்ற இரண்டும் காத்திருக்கிற நேரம். ஒன்று, ஆறு, நான்கு. பெட்டி மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. நான் எழுதியதைத் திரையில் அப்படியே காட்டியது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் காவல் கொட்டிலில் வயரை இழுக்க வேண்டும். இழுத்தால் நானாவுக்கு விளங்கிவிடும். அதனால் சோதிக்கவில்லை.

குளத்து இறாலை எல்லாம் அள்ளுகிற பெரிய பிடிப்பு, தலவிலக் கத்தோலிக்கக் கோயில் திருவிழா நாட்களில் வந்தது. ரோட்டெல்லாம் பஸ். தென்மேற்குக் கச்சான் காற்று களப்புத் தண்ணீரை உப்புத் தூளாக முகத்தில் அடித்தது. காலை பத்து மணிக்கு மேல் நான் ஒபீசில் மனேஜருக்குப் பக்கத்தில் நின்றேன். “மஹத்தயா, தூரத்து வரம்பக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க, வலை இழுக்கிறானுவள்,” என்று நானே சொல்லித் திரை முழுக்க அதை எடுக்கவைத்தேன்.

படம் நின்றது.

மச்சான் இடுப்பில் கூடையோடு நின்றான். நானா கொட்டில் வாசலில் நின்றார். அவர்களுக்கு மேலே ஒரு கொக்கு இறக்கை விரித்தபடி அந்தரத்தில் நின்றது. நான் தஸ்பீஹ் எண்ணுவது போல விரல் மடிப்புகளில் எண்ணினேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலு.

கொக்கு நகரவில்லை.

பதினைந்து. பதினாறு. என் எண்ணிக்கை பிழையாக இருக்கலாம், அவசரத்தில் வேகமாக எண்ணியிருப்பேன் என்று நினைத்தேன். இருபது. கொக்கு அப்படியே. மனேஜர் கொட்டாவி விட்டார். “எலியா?” என்றார். முப்பது. ஓடியிருந்தால் பாதி வரம்பாவது போயிருப்பேன். கத்தியிருக்கலாம். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. வேறெதுவும் செய்யத் தெரியாத மிருகம் போல எண்ணினேன்.

ஐம்பதில் கொக்கு மறைந்தது. மச்சான் வரம்பில் குப்புறக் கிடந்தான். நானா அவன் தலையைத் தூக்கிப் போத்தலால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அடே, உளுந்துட்டானே,” என்றார் மனேஜர்.

நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் மடிந்திருந்தது. இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. சதையும் இரத்தமும் மண்ணும் இருந்தன. வலை கட்டுகிற கம்பின் நுனியால் குத்தியிருந்தார்கள். பிறகு கீழே போட்டு, கையை வரம்புக் கல்லின் மேல் வைத்து மிதித்திருந்தார்கள். வாய் நிறைய இரத்தத்தோடு அவன் “மச்சான், மச்சான்” என்று மட்டும் சொன்னான்.

ஓட்டோவில் ஏற்றினோம். தலவிலச் சந்தியில் பஸ்களுக்கு நடுவில் ஓட்டோ சிக்கிக்கொண்டது. நான் வெளியே பாய்ந்து பஸ் கதவுகளில் அடித்துக் கத்தினேன். கோயிலுக்கு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, தன் பையில் இருந்த புதுத் துவாயை எடுத்து அவன் முகத்தில் அழுத்தினாள். பிறகு அவளே ரோட்டின் நடுவில் இறங்கி நின்று, சிங்களத்திலும் தமிழிலும் ஏசி ஏசி எங்களுக்கு வழி எடுத்துத் தந்தாள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துவாய் முழுவதும் நனைந்து என் மடியில் சொட்டியது.

கண்ணை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவன் பேசினான்.

“பதினாலு எண்ணினன் மச்சான். எண்ணி முடிச்சிட்டுத்தான் வாய் குடுத்தன்.”

நான் அவனுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“நீங்க சொன்ன மாதிரிக் கையத் தூக்கல்ல. கம்பு வார நேரம் தூக்கிரிக்கலாம். தூக்கினா படத்துல விழுந்துரும் எண்டு தூக்கல்ல. படத்துல இரிக்கிதானே?”

என் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை அடித்துக்கொண்டேன்.

பொலிசில் பதிவைப் பார்த்தார்கள். நானாவும் மூன்று பேரும் சாட்சி சொன்னார்கள். வரம்பில் வழுக்கிக் கம்பில் விழுந்தார் என்று எழுதினார்கள்.

நான் மறுபடி ஒபீஸ் பெட்டிக்குள் புகுந்து பார்த்தேன். என்னுடைய மூன்று எண்களும் அங்கேயே இருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னும் மூன்று எண்கள் இருந்தன. அன்று நான் வாசிக்காதவை. இரண்டு, இருபது, பதினைந்து. பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வரி. போனில் அதைத் தேடி, ஒவ்வொரு சொல்லாக விளங்கிக்கொண்டேன். மேலே இருப்பது இந்தப் பெட்டி தலைமையானால் சொல்லப்போகிற நேரம். கீழே இருப்பது உண்மையான தலைமை இப்போது சொல்லிக்கொண்டிருக்கிற நேரம்.

உண்மையான தலைமை பம்ப் கொட்டிலில் இருந்த பழைய பெட்டி. முதலாளியின் பழைய கடையில் கழித்து எறிந்ததைக் கொண்டுவந்து பூட்டியது. மூடி துருப்பிடித்து, உப்புப் பூத்து, எண்ணெய்ச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது. யாரும் குறித்துச் சொல்லாவிட்டால், செய்யும்போதே பதித்த எண் குறைந்த பெட்டிதான் தலைமை எடுக்கும். பழைய பெட்டிக்குத்தான் எண் குறைவாக இருக்கும். நான்கு பெட்டிக்கும் அந்தக் கழிவுப் பெட்டி சொல்வதுதான் நேரம். நான் ஐந்து நேரமும் இமாமுக்குப் பின்னால் நிற்கிறவன். பின்னால் நிற்கிறவன் எவ்வளவு அவசரப்பட்டாலும் இமாம் நிமிராமல் ருகூ முடியாது என்று சின்ன வயதில் ஓதிப் படித்தவன். பணக்கார அறையில் இருப்பதை இமாம் என்று எண்ணிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நானா என் வலது பக்கம் வந்து நின்றார். தோளை ஒட்டினார். என் சட்டைப் பையில் கேபிள் சீவுகிற கத்தி இருந்தது. ருகூவில் குனிந்தபோது அவருடைய பிடரி என் கைக்கு எட்டும் தூரத்தில், வியர்வையோடு தெரிந்தது. எந்த இடத்தில் குத்தினால் ஆழமாகப் போகும் என்று பார்த்தேன். அல்லாஹ்வின் வீட்டில், அவனுக்கு முன்னால் குனிந்துகொண்டு பார்த்தேன். ஸலாம் கொடுக்க வலது பக்கம் முகத்தைத் திருப்பியபோது அவர் முகத்துக்குத்தான் ஸலாம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தொழுகை எனக்கு நிறைவேறியிருக்காது.

கத்தியை எடுக்கவில்லை. பள்ளியில் இருந்து நேரே பம்ப் கொட்டிலுக்குப் போனேன். பழைய பெட்டியில் அந்த மூன்று எண்களைப் போட்டேன். ஒபீசுக்கு வந்து பார்த்தேன். கீழ் வரியும் மாறியிருந்தது. ஒன்று, ஆறு, நான்கு.

யாரிடமும் சொல்லவில்லை. நானா இன்னொரு தடவை வயரை இழுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் இழுப்பதென்றால் இன்னொருவன் அங்கே நிற்க வேண்டும், அந்தப் பதினாலு செக்கனையும் அவன் வாங்க வேண்டும். அது எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

மூன்றாவது வாரம் அந்த இன்னொருவன் கிடைத்தான். மாம்புரிக்காரன், வலை இழுக்கிறவன். காவல்காரன் ஒருவனின் சைக்கிளைத் தட்டி விழுத்தினானாம். அஸருக்கு முன்னால் திரை நின்றது. நான் மனேஜரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விரலில் எண்ணினேன். பதினாலில் படம் எழும்பியது.

மாம்புரிக்காரன் முழங்காலில் நின்றான். வாயில் இருந்து இரத்தம் நூலாகத் தொங்கியது. ஒருவன் அவன் தலைமயிரைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தான். நானாவின் கையில் இரும்புக் குழாய். அது இறங்கியது. மறுபடி உயர்ந்தது. கமராவுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, நானாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

மனேஜர் கதிரையில் இருந்து எழும்பினார். முதலாளி வெளிநாட்டில் இருந்து கோல் எடுத்தார். முப்பது செக்கனுக்கு மேல் தெளிவான படம். நாற்பத்தைந்தில் நானா குழாயை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்ததும் அதில் இருந்தது. பொலிஸ் வந்து நானாவையும் சேர்த்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனது. வயர் இழுக்கிற முறையை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐம்பதைச் சொல்லிக்கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து எழுதினேன். மச்சானின் வழக்கும் திரும்பத் திறந்தது. எனக்கு வேலை போனது.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பெட்டி, எந்த எண், நான் வாசிக்காத வரி, இன்னொருவன் அடி வாங்கும்வரை காத்திருந்தது. மாப்புக் கேட்டேன். அவன் இருந்த ஒரு கண்ணை மூடித் திறந்தான்.

“பிழ விட்டீங்க. அது பிழதானே. நான் மாப்புத் தந்துட்டன்,” என்றான். பிறகு, “அந்த மாம்புரியான் ஆளுக்குத் தெரியுமா, நீங்க பாத்துக்கிட்டு இரிந்த எண்டு?”

“இல்ல.”

“அப்ப என்னிட்ட என்னத்துக்கு வந்தீங்க?”

அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் ராத்தாவோடு மட்டும் கதைப்பான். ஒரு நோன்பு முழுவதும் அப்படியே போனது. பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் நான் ஓட்டோ பிடித்தேன். கேட்காமலே அவனும் ஏறி உட்கார்ந்தான்.

மாம்புரிக்காரனின் வீடு தென்னந்தோட்டத்துக்குப் பின்னால். முன்பல் மூன்று இல்லாமல், தாடை ஒரு பக்கம் இறங்கி, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். மச்சான் ஓட்டோவிலேயே இருந்தான். நான் பாத்தி ஓரத்தில் நின்று சொன்னேன். அடி விழும் என்று தெரிந்தேதான் இருந்தேன், சொல்லியிருந்தால் நீ அன்றைக்கு அந்தப் பக்கம் போயிருக்கமாட்டாய், உன் பதினாலு செக்கன் எனக்குத் தேவைப்பட்டது என்று சொன்னேன்.

அவன் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். மண்வெட்டியை வைத்ததற்கு உள்ளுக்குள் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். கையைச் சாரத்தில் துடைத்தான். பிறகு என் கன்னத்தில் அறைந்தான். பாத்திக்குள் விழுந்தேன். காதுக்குள் நீளமாக ஒரு சத்தம் கேட்டது.

“பதினாலும் வேணா,” என்றான், பல்லில்லாத வாயால். “ஒண்டு போதும். எழும்புங்க. வெங்காயம் நசியுது.”

எழும்பினேன். உள்ளே பார்த்துத் தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னான். குடித்தேன். வாய்க்குள் இரத்தமும் சீனியும் சேர்ந்து இருந்தது.

ஓட்டோவுக்கு வந்தேன். மச்சான் முகத்தை முழுவதும் என் பக்கம் திருப்பி, வலது கண்ணால் என் கன்னத்தைப் பார்த்தான். சட்டையில் ஒட்டிய சேற்றையும் பார்த்தான்.

“கையத் தூக்கினீங்களா மச்சான்?”

“இல்ல.”

அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் தந்தான்.